எடையற்ற நாட்கள் – 7: குறுக்குத்துறை, சல்யூட், மகேந்திரகிரி

குறுக்குத்துறைப் படித்துறையில் கழுத்தளவுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். கரையில் இருந்தவரை தோன்றாத மூத்திர உணர்வு, தாமிரபரணியில் இறங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வந்துவிடும். தண்ணீரின் குளிர்ச்சிதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறோம். குளிர்ச்சிக்கும் பங்கு உண்டு. ஆனால் வெதுவெதுப்பான தொட்டியில் கழுத்துவரை மூழ்கி இருந்தாலும் இதேதான் நடக்கும். தண்ணீரின் அழுத்தம் கால்களையும் வயிற்றையும் சுற்றி அமுக்க, அங்கே தங்கியிருந்த இரத்தம் மார்புக்கு ஏறுகிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று உடல் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்குக் கட்டளை அனுப்புகிறது. உண்மையில் நீர் கூடவே இல்லை. இருந்த நீர் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பூமியைச் சுற்றும் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் மனிதருக்கும் முதல் சில மணி நேரத்தில் இந்த இடமாற்றம் நடக்கிறது. நாம் நிற்கும்போது கால்பக்கம் இறங்கியிருக்கும் நீரில் ஏறக்குறைய 2 லிட்டர் மேலே போய்விடும். முகம் உப்பும். கழுத்து நரம்பு புடைக்கும். சளி பிடித்ததுபோல மூக்கு அடைத்துக்கொள்ளும். கால்கள் மெலியும். அங்கே ஈர்ப்பு விசை இல்லாததால் இப்படி ஆகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்தபடியே, சேர்ந்து விழுந்துகொண்டும் இருக்கிறார்கள். அந்த வேகத்தில் பூமியின் வளைவும் அவர்களுக்குக் கீழே விலகிக்கொண்டே போவதால் தரை எட்டுவதில்லை. சேர்ந்து விழுகிறவர்களைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் உடம்புக்குள் ஓடும் இரத்தத்துக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

சென்ற இதழில், 1970 ஜூனில் சோயுஸ்-9 கலத்தில் 18 நாட்களை ஒட்டிச் சுற்றிவிட்டுத் திரும்பிய நிக்கொலாயெவும் செவஸ்தியானவும் நிற்கக்கூட முடியாமல் தூக்கிச் செல்லப்பட்டதைப் பார்த்தோம். அந்த அதிர்ச்சிதான் சோவியத் மருத்துவர்களைத் தரையில் தேட வைத்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ராக்கெட் ஏற்ற முடியாது. எடையின்மையைத் தரையிலேயே ஓரளவுக்காவது உண்டாக்க வழி வேண்டும்.

ஒரு வழியை, திரும்பி வந்த வீரர்களே காட்டிக்கொடுத்தார்கள். கட்டிலில் சமமாகப் படுத்தால் கால்பக்கமாகச் சறுக்கி விழுவதுபோல இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்றார்கள். கட்டிலின் கால்மாட்டை உயர்த்திக் கொடுத்தபோது, இப்போதுதான் சமமாக இருக்கிறது என்றார்கள். சில இரவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். எடையில்லாமல் இருந்த உடலுக்குத் தலைமாடு தாழ்ந்த படுக்கைதான் பழக்கமானதாகத் தெரிகிறது என்றால், ஆரோக்கியமான ஒருவரை அப்படியே பல நாள் படுக்கவைத்தால் எடையின்மையின் விளைவுகள் தென்பட வேண்டும். இன்று உலகமெங்கும் விண்வெளி மருத்துவ ஆய்வுகளில் பயன்படும், தலைமாடு 6 டிகிரி தாழ்ந்த கட்டில் இப்படி வந்தது. அந்த ஆய்வுகளில் சேர்கிறவர்கள் வாரக்கணக்கில் எழுந்திருப்பதே இல்லை. சாப்பாடு, குளியல், மலஜலம் எல்லாம் படுத்த நிலையில்தான்.

இன்னொரு வழி தண்ணீர். மாஸ்கோவின் உயிர்மருத்துவப் பிரச்சினைகள் ஆய்வு நிறுவனத்தில் 1970களில் ஒரு முறையை வகுத்தார்கள். வெதுவெதுப்பான நீர் நிறைந்த தொட்டியின்மேல் நீர் புகாத பெரிய துணியைத் தொளதொளவென்று விரித்து, அதன்மேல் ஆளைப் படுக்கவைப்பார்கள். துணி அவரைச் சுற்றி மடிந்து, கழுத்துவரை உள்ளே அமிழும். தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. உடம்பின் எந்த இடமும் எதையும் அழுத்தி ஊன்றாது. நாள்கணக்கில் அப்படிக் கிடப்பவரின் கால் தசைகள், எந்த வேலையும் இல்லாததால், வியக்கத்தக்க வேகத்தில் தளரத் தொடங்கும். நம் ஆற்றில் கழுத்தளவு நிற்பவரிடம் கால்மணி நேரம் நடப்பதையே அந்த ஆய்வுக்கூடம் நாட்களாக நீட்டிப் பார்த்தது.

இவை இரண்டும் அருமையான வழிகள். ஆனால் தரையில் கிடைத்த விடை மேலேயும் அப்படியே பொருந்துமா என்பதை மேலே போய் அளந்தால்தான் சொல்ல முடியும். அதற்கென்றே ஒரு வீடு கட்டி ஏற்றியது அமெரிக்கா.

1973 மே 14 அன்று ஏவப்பட்ட ஸ்கைலேப்பில் மூன்று குழுக்கள் முறையே 28, 59, 84 நாட்கள் தங்கின. முதல் குழுவில் இருந்த ஜோசப் கெர்வின், விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்க மருத்துவர். அங்கே நடந்த வேலையின் பெரும்பகுதி பொறுமை கேட்கும் கணக்கு வேலை. உள்ளே போகும் ஒவ்வொரு கவளமும் எடை தெரிந்தது. வெளியேறும் மூத்திரத்தை ஒவ்வொரு நாளும் அளந்து மாதிரி எடுத்து உறையவைத்தார்கள். மலத்தை உலர்த்திப் பொட்டலம் கட்டிப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். பயணத்துக்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் இதே அளவுச் சாப்பாடு, இதே சேகரிப்பு. போன கால்சியத்தையும் வந்த கால்சியத்தையும் கழித்துப் பார்த்தபோது, எலும்பு கரைந்து மூத்திரத்தில் போய்க்கொண்டிருப்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. கெர்வின் போன்றவர்கள் தம் உடம்பையே இப்படி ஒப்படைத்திராவிட்டால் நமக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

எடையில்லாத இடத்தில் எடை பார்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தராசு அங்கே பயன்படாது. வில்தன்மையுள்ள தகடுகளில் பொருத்திய ஒரு நாற்காலி. அதில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு பக்கம் இழுத்து விட்டால் முன்னும் பின்னும் ஆடும். உடம்பில் பொருண்மை அதிகமானால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரம் அதிகமாகும். ஆட்டத்தின் நேரத்தை நுட்பமாக அளந்து கிலோவாக மாற்றிக்கொள்வார்கள். வில்லியம் தார்ன்டன் என்ற மருத்துவர் வடிவமைத்த கருவி அது.

இந்தியா இந்தக் கதைக்குள் வருவது 1984-ல். ராகேஷ் சர்மா என்றதும் இந்திரா காந்தியின் கேள்விக்கு அவர் விண்ணிலிருந்து சொன்ன பதில்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. அவர் தம் உடம்பை வைத்து அங்கே செய்த வேலை கிட்டத்தட்ட மறந்தே போய்விட்டது. அந்த மறதி எனக்கு வருத்தம் தருகிறது. இந்திய மண்ணில் பிறந்த ஒரு கேள்வியை எடையற்ற இடத்துக்கு முதன்முதலில் கொண்டுபோனவர் அவர்.

பெங்களூருவில் உள்ள விமானப்படையின் விமான மருத்துவ நிலையம்தான் அவரையும் அவருக்கு மாற்று வீரரான ரவீஷ் மல்ஹோத்ராவையும் சோதித்துத் தேர்ந்தெடுத்தது. மூடிய அறையில் 72 மணி நேரம் தனியே அடைத்துவைத்துப் பார்த்த சோதனையும் அதில் உண்டு. பிறகு மாஸ்கோவுக்கு அருகில் உள்ள நட்சத்திர நகரத்தில் பயிற்சி. 1984 ஏப்ரல் 3 அன்று யூரி மாலிஷேவ், கென்னடி ஸ்திரெகாலவ் இருவரோடு சர்மா சோயுஸ் டி-11-ல் கிளம்பினார். மறுநாள் சல்யூட்-7 நிலையத்தோடு கலம் இணைந்தது. அங்கே ஏற்கெனவே மூன்று பேர் குடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒலெக் அத்கோவ். இதயநோய் மருத்துவர். அந்த மூவரும் அந்த முறை மொத்தம் 237 நாள் தங்கி, மனித உடல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு அதுவரை இல்லாத சாதனை படைத்தார்கள். ஆக, நம்மவர் போய் இறங்கிய இடம் ஒரு மருத்துவர் குடியிருந்து மாதக்கணக்கில் ஆராய்ச்சி நடத்திய கூடம்.

சர்மாவின் சோதனைகளில் யோகாசனம் முக்கியமானது. எடையின்மையில் தசை தளராமல் காக்க ரஷ்யர்கள் ஓடுபாதையையும் சைக்கிளையும் நம்பினார்கள். எந்திரம் இல்லாமல், சின்ன இடத்தில், உடம்பைக் கொண்டே உடம்பைக் காக்க முடியுமா என்று இந்திய மருத்துவர்கள் கேட்டார்கள். பயிற்சிக் காலத்திலேயே சர்மா வழக்கமான உடற்பயிற்சிக்குப் பதில் ஆசனங்களைப் பழகினார். மேலே போனதும் எதிர்பாராத சங்கடம். ஆசனம் என்பதே உடம்பின் எடையை ஓர் இடத்தில் ஊன்றி நிறுத்துவது. ஊன்ற எடை இல்லை. கால் தரையைத் தொடுகிற உணர்வும் இல்லை. கையைக் காலை நீட்டினால் உடம்பே மிதந்து போகும். ஆகவே அவரைப் பிடித்து நிறுத்த ஒரு வார்ப்பட்டைக் கட்டுத் தனியாகத் தயாரிக்க வேண்டியிருந்தது. இழுபட்டைகள் கீழே இழுக்க, அந்த இழுப்பை எதிர்த்து அவர் ஆசனம் செய்தார்.

மைசூரின் பாதுகாப்பு உணவு ஆய்வுக்கூடம் கட்டிக்கொடுத்த ரவை அல்வாவும் மாம்பழத் துண்டும் சல்யூட்டில் பங்கு போடப்பட்டன. ஏப்ரல் 11-ல் சர்மா கசாக்ஸ்தான் புல்வெளியில் தரையிறங்கினார். மொத்தம் 7 நாள், 21 மணி, 40 நிமிடம்.

ஒரே ஒருவரின் உடம்பையும் ஒரு வாரத்தையும் வைத்து யோகாசனம் எலும்பையும் தசையையும் காக்கும் என்றோ காக்காது என்றோ சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை. ஆனால் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அடுத்த பயணத்தில் இன்னொருவர், அதற்கடுத்து இன்னும் சிலர் என்று தொடர்ந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். அடுத்த இந்தியர் போக 41 வருடம் ஆயிற்று.

அந்த இடைவெளியில் மற்றவர்கள் கற்றுக்கொண்டவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். குறுக்குத்துறையில் தொடங்கிய விஷயம் அதில்தான் திரும்பிக்கொள்கிறது. இரத்தம் மார்புக்கு ஏறுகிறது என்றால் இதயத்துக்கு அருகில் பெருஞ்சிரையின் அழுத்தம் கூட வேண்டும். மூத்திரமும் அதிகம் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் தலைமாடு தாழ்ந்த கட்டிலும் அப்படித்தான் காட்டின. 1991 ஜூனில் கொலம்பியா விண்ணோடத்தில், ஸ்பேஸ்லேப் ஆய்வுக்கூடத்தோடு, ட்ரூ காஃப்னி என்ற இதயநோய் மருத்துவர் போனார். கிளம்புவதற்கு முன்பே அவர் கை நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயத்தின் வாசல்வரை செலுத்திவைத்திருந்தார்கள். அந்தக் குழாயோடுதான் அவர் ராக்கெட்டில் உட்கார்ந்தார். எஞ்சின்கள் நின்று எடையின்மை தொடங்கியபோது அழுத்தம் கூடவில்லை, குறைந்தது. இன்னும் சிலரிடம் அளந்தபோதும் அப்படியே. ஆனால் இதயமோ முன்பைவிட நிறைந்திருந்தது. எடை போனதும் மார்புக்கூடு விரிந்து, இதயத்தைச் சுற்றியிருந்த அழுத்தம் அதைவிட அதிகமாகக் குறைந்திருக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார்கள். மூத்திரமும் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. முதல் நாட்களில் தாகம் குறைந்து, குமட்டலும் சேர்ந்து, அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார்கள். இரத்தத்தின் நீர்ப்பகுதி 10 முதல் 15 சதவீதம் குறைந்தது என்னவோ உண்மை. குறைந்த வழிதான் வேறு.

தரையில் எத்தனை நல்ல மாதிரி அமைத்தாலும், ஒரு மருத்துவர் தம் இதயத்துக்குள் குழாயோடு மேலே போகும்வரை இது தெரியவில்லை. சுற்றும் ஆய்வுக்கூடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது காஃப்னியின் கதையைத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் தனி அத்தியாயம் வரும். 2000 நவம்பர் முதல் ஆள் இல்லாமல் ஒரு நாளும் இருந்திராத பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், உடம்பைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறைவது பதிவானது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு வருடத்தில் ஏற்படும் இழப்பு அங்கே ஒரு மாதத்தில் வந்துவிடுகிறது. கரைந்த கால்சியம் சிறுநீரகம் வழியாகத்தான் போக வேண்டும், ஆகவே கல் சேரும் அபாயம் உண்டு. நம் தென்மாவட்ட வெயிலில் அந்த வலி எப்படிப்பட்டது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2008-ல் எடை தூக்கும் பயிற்சிக்கு ஈடான ஒரு பெரிய எந்திரம் நிலையத்துக்குப் போனது. ஒவ்வொருவரும் நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். எலும்பு இழப்பு பெருமளவு மட்டுப்பட்டது. 2011-ல், ஆறு மாதம் தங்கித் திரும்பிய ஏழு பேரில் பலரின் கண்களில் பார்வை நரம்பின் முனை வீங்கியதும் கண்ணின் பின்புறம் தட்டையானதும் வெளியானது. 2019-ல், ஆய்வுக்கு உட்பட்ட 11 பேரில் 6 பேருக்குக் கழுத்துச் சிரையில் இரத்தம் தேங்கி நின்றதோ பின்னோக்கி ஓடியதோ தெரியவந்தது. அவர்களில் ஒருவருக்கு இரத்தக்கட்டி. 2022-ல் 14 பேரை ஆராய்ந்ததில், பூமியில் நொடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்கள் அழியும் உடம்பில் அங்கே 30 லட்சம் அழிவது தெரிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குமேல் அளந்த பிறகும் உடம்பு இப்படிப் புதிது புதிதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

2025 ஜூன் 25 அன்று லக்னோவைச் சேர்ந்த குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா, ஆக்ஸியம்-4 குழுவில் அந்த நிலையத்துக்குக் கிளம்பினார். அங்கே 18 நாள் தங்கினார். இந்திய நிறுவனங்கள் கொடுத்தனுப்பிய ஏழு சோதனைகளில் ஒன்று பெங்களூருவின் இன்ஸ்டெம் நிறுவனத்துடையது. மனிதத் தசையின் குருத்தணுக்களை எடையின்மையில் வைத்து, காயம்பட்ட தசை தன்னைத் தானே சரிசெய்துகொள்வது ஏன் தடைப்படுகிறது, சில ஊட்டப்பொருள்களைச் சேர்த்தால் அது சீராகுமா என்று பார்ப்பது அதன் நோக்கம். கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள் கைவிட்டு அவர் அந்த வேலையைச் செய்தார். எடையின்மையில் கணினித் திரையைப் பார்க்கும்போது கண்ணும் விரலும் எப்படித் தடுமாறுகின்றன என்ற இந்திய அறிவியல் கழகத்தின் சோதனையும் இருந்தது. ஜூலை 15-ல் பசிபிக் கடலில் இறங்கிய பிறகு, மடிக்கணினியை மூடிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் விட்டதாகவும், மிதக்கும் என்று மூளை நம்பியிருந்ததால் அது தரையில் விழுந்ததாகவும் அவரே பிறகு சொன்னார். மூன்று வாரத்துக்குள் மூளை எவ்வளவு தூரம் பழகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சுக்லா நிலையத்தில் இருந்த அதே ஜூலையில் நம் மாவட்டத்தில் ஒரு நெருப்புச் சோதனை நடந்தது.

நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் பணகுடியைத் தாண்டிக் காவல்கிணற்றை நெருங்கும்போது மேற்கே எழும்பி நிற்பது மகேந்திரகிரி. அனுமன் இலங்கைக்குத் தாவியது இங்கிருந்துதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதன் அடிவாரத்தில் இருக்கிறது இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். திரவ எரிபொருள் எஞ்சின்கள் விண்ணுக்குப் போகும்முன் இங்கே கட்டிப்போட்டு எரிக்கப்படுகின்றன. 2025 ஜூலை 11 அன்று, மனிதரை ஏற்றிச் செல்ல இந்தியா உருவாக்கும் ககன்யான் கலத்தின் சேவைப் பகுதிக்கான உந்து அமைப்பு இங்கே 350 நொடி தொடர்ந்து இயக்கிப் பார்க்கப்பட்டது. தலா 440 நியூட்டன் விசை தரும் 5 எஞ்சின்களும், தலா 100 நியூட்டன் தரும் 16 சிறு உந்திகளும் கொண்ட அமைப்பு அது. கலத்தைச் சுற்றுப்பாதையில் சரியாக நிறுத்துவதும், வேலை முடிந்ததும் வேகத்தைக் குறைத்துப் பூமிக்குத் திருப்புவதும் அதன் பொறுப்பு. ஏறும் வழியில் ஏதாவது தவறினால் வீரர்களைக் காப்பாற்றிக் கொண்டுவரவும் அது வேண்டும். அன்றைய சோதனை அந்த ஆபத்து நேர ஓட்டத்தைத்தான் ஒத்திகை பார்த்தது.

மனிதர் ஏறும் ராக்கெட் என்றதும் சோதனையின் அளவே மாறிவிடுகிறது. 2021 ஜூலை 14-ல் விகாஸ் எஞ்சினை இங்கே 240 நொடி எரித்தார்கள். அந்த எஞ்சின் அதற்கு முன்பே பல ராக்கெட்டுகளைத் தூக்கிச் சென்ற பழைய கை. மனிதருக்காக மறுபடியும் அது தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. 2022 ஜனவரி 12-ல் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சின் 720 நொடி எரிந்தது. 2024 பிப்ரவரி 13-ல் அதன் கடைசித் தகுதிச் சோதனை முடிந்தபோது, நான்கு எஞ்சின்களில் 39 முறை, மொத்தம் 8,810 நொடி எரித்திருந்தார்கள். குறைந்தபட்சத் தேவை 6,350 நொடிதான். இந்தத் தகுதிச் சான்றுக்கான தேசியக் குழுவுக்குத் தலைவராக இருந்த வி. நாராயணன், பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். கிரையோஜெனிக் எஞ்சின் துறையிலேயே வளர்ந்தவர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார்.

எஞ்சினுக்கு இப்படி ஒரு மலையடிவாரம் கிடைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் இன்னொரு முறை எரிக்கலாம். நான்கு எஞ்சினைத் தேய்த்துத் தீர்த்துவிட்டு ஐந்தாவதை அனுப்பலாம். மனித உடலுக்கு மகேந்திரகிரி கிடையாது. கட்டிலும் தொட்டியும் பாதி வழிவரைதான் வரும் என்பதைக் காஃப்னியிடம் பார்த்துவிட்டோம். அப்படியிருக்க, இந்தியா அனுப்பி, சுற்றுப்பாதையில் பலநாள் இருந்த உடல்கள் இதுவரை இரண்டுதான்: சர்மாவுடையதும் சுக்லாவுடையதும். 8,810 நொடிக்குப் பக்கத்தில் இந்த இரண்டை வைத்துப் பார்க்கும்போது நாம் எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ககன்யான் திட்டப்படி, மூன்று பேர் வரை 400 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நாள் இருந்துவிட்டுக் கடலில் இறங்க வேண்டும். முதல் மனிதப் பயணம் 2027-ல் என்று அரசு சொல்லியிருக்கிறது. மூன்று நாள்தானே, எலும்பு கரைய நேரமில்லையே என்று தோன்றும். எலும்பைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் உட்காதைப் பொறுத்தவரை இதைவிடக் கடினமான மூன்று நாளைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நம் உட்காதில், மெல்லிய மயிர் அணுக்களின்மேல் கால்சியத் துகள்கள் படிந்த ஒரு படலம் இருக்கிறது. தலை சாய்ந்தால் துகள்களின் எடையில் படலம் நகர்ந்து மயிர்களை வளைக்கும், எது கீழ் என்று மூளை அறிந்துகொள்ளும். எடை இல்லாத இடத்தில் அந்தத் துகள்கள் எந்தப் பக்கமும் இழுக்காது. கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, மூளை குழம்பிக் குமட்டல் வருகிறது. 1961 ஆகஸ்டில் ஒரு நாள் முழுக்கச் சுற்றிய கெர்மன் தித்தோவ்தான் இதை முதலில் அனுபவித்தவர். விண்ணுக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இது வருகிறது. தேர்ந்த போர் விமானியா, பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்கிறவரா என்பதை வைத்து யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்தில் இருந்து, பிறகு மூளை பழகித் தணிந்துவிடுகிறது. இதனால்தான் அமெரிக்க விண்ணோடக் காலத்தில் முதல் மூன்று நாளில் கலத்துக்கு வெளியே போகும் வேலையைத் திட்டமிடுவதைத் தவிர்த்தார்கள். தலைக்கவசத்துக்குள் வாந்தி எடுத்தால் மூச்சே அடைத்துவிடும்.

ககன்யான் வீரர்களுக்கோ பழகி முடியும் நேரத்தில் பயணம் முடிந்துவிடும். இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்த உடம்போடு, எடையின்மைக்குப் பாதி பழகிய காதோடு, வேகம் குறையும்போது உண்டாகும் பலமடங்கு அழுத்தத்தைத் தாங்கி, கடைசியில் அலையில் ஆடும் கலத்துக்குள் கடற்படை வரும்வரை காத்திருக்க வேண்டும். சர்மாவுக்குக் கெட்டித் தரை கிடைத்தது. இவர்களுக்குக் கடல். பயிற்சி பெற்றிருக்கும் நான்கு விமானிகளில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். பெங்களூரு மருத்துவர்கள் இவர்களைத் தேர்ந்தெடுத்தபோதும், 2020 பிப்ரவரியிலிருந்து ஓராண்டு ரஷ்யாவில் பயிற்சி நடந்தபோதும், காதும் இதயமும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்குப் பெரிய கவனம் தரப்பட்டது வீணில்லை.

இந்த மூன்று நாளில் எடுக்கும் ஒவ்வொரு அளவும், நாடித்துடிப்பு முதல் குடித்த தண்ணீர்வரை, வெளியிடப்பட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பெயர் வேண்டாம், அளவுகள் போதும். பெங்களூருக்கு வெளியே உள்ள மருத்துவக் கல்லூரிகளும் அவற்றைப் படிக்க வேண்டும். 1965 முதல் நடக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும், நாம் ஹைகிரவுண்டு என்று சொல்லும் அதன் ஆஸ்பத்திரியும், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களை நாள்தோறும் பார்க்கின்றன. படுத்திருக்கும் உடம்பிலிருந்து தசையும் எலும்பும் எந்த வேகத்தில் போகின்றன, எப்போது எழுப்பி நிற்கவைத்தால் திரும்பக் கிடைக்கும் என்பது அங்கே வார்டில் நிற்கும் கேள்வி. சுற்றுப்பாதையில் கேட்கப்படுவதும் இதே கேள்வி. வைகாசி வெயிலில் வயலில் நின்று வளர்ந்த எலும்புக்கும், வெயிலே படாமல் அலுவலகத்தில் வளர்ந்த எலும்புக்கும் இழப்பு ஒரே அளவா என்று கேட்க நம்மூரைவிடப் பொருத்தமான இடம் எது?

2035-க்குள் இந்தியா தனக்கென்று ஒரு விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டமிட்டிருக்கிறது. அதன் முதல் பகுதியை 2028-ல் ஏற்றுவதற்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. சர்மா தொடங்கிவைத்த ஆசனக் கேள்வியை மாதக்கணக்கில், பல உடம்புகளில் கேட்டுப் பார்க்க அங்கேதான் முடியும்.

மாதக்கணக்கில் தங்குவது எப்படியிருக்கும் என்பதற்கு இன்றுவரை முந்தப்படாத சான்று ஒரு மருத்துவருடையது. 1994 ஜனவரி 8-ல் மிர் நிலையத்துக்குக் கிளம்பிய வலேரி பொல்யாகோவ், 437 நாள் கழித்துத் திரும்பியபோது, கலத்திலிருந்து பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிவரை தாமே நடந்தார். சோயுஸ்-9 வீரர்களால் 18 நாளுக்குப் பிறகு செய்ய முடியாததை அவர் எப்படிச் செய்தார் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.